'நௌ' என்றொரு சிறு சொல்

நாம் ஆங்கில ஆசிரியராகப் பணிபுரிந்த காலத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சியாக யோவான் நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தைக் கொடுப்பது வழக்கம். மொழி கடினமாயினும் நிகழ்ச்சி தெரிந்ததே ஆதலால் மாணவர்கள் அஞ்சாமல் எழுதுவார்கள். அவ்வதிகாரத்தின் முடிவில் பரபா ஒரு கள்வன் என்ற செய்தி வருகிறது. 1611ஆம் ஆண்டில் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்தச் சிறு வாக்கியம் 'நௌ' என்ற சொல்லோடு தொடங்கும். மாணவன் ஒருவன் அதனை, "இப்பொழுது பரபா கள்வனாயிருந்தான்" என்று எழுதி வந்தான். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். அவன் மட்டும் சிரிக்கவில்லை. "ஐயா, அப்படியானால் அதற்கு முன் அவன் நல்லவனாக இருந்தானா?" என்று கேட்டான்.

கேள்வி நியாயமானது. 'நௌ' என்றால் 'இப்பொழுது' என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தானே? அவ்விடத்தில் அச்சொல்லுக்குக் காலப்பொருள் இல்லை என்று விளக்கினோம். கிரேக்க மூலத்தில் அங்கு இருப்பது 'தே' என்னும் இடைச்சொல். கதையைக் கணநேரம் நிறுத்தி, கேட்பவர் அறிய வேண்டிய ஒரு செய்தியைச் சொல்ல அது பயன்படுகிறது. நம் கிராமத்துக் கதைசொல்லிகளும் நடுவில், "இப்ப பாருங்க, அந்த ராசாவுக்கு ஒரு தம்பி" என்பார்கள். ராசாவுக்கு அந்நேரத்திலா தம்பி பிறந்தான்? மாணவன் தலையசைத்தான். ஆயினும், இத்தனை எளிய சொல்லை இத்தனை காலமும் நாம் எளிதாகவே எண்ணியிருந்தோம் என்ற உறுத்தல் நமக்கு அன்று தோன்றியது.

அச்சொல் மிகப் பழையது. பழைய ஆங்கிலத்தில் அதன் வடிவம் 'நூ' என்பதாகும். பிற்கால ஆங்கிலத்தில் நெட்டுயிர்கள் திரிந்தபோது அது 'நௌ' ஆயிற்று. ஸ்காட்லாந்து மக்களின் பேச்சில் இன்றும் 'நூ' என்றே ஒலிக்கிறது. இலத்தீனில் 'நுங்க்', கிரேக்கத்தில் 'நுன்', ஜெர்மனில் 'நுன்', வடமொழியில் 'நு' என இதற்கு உடன்பிறப்புகள் பல உள்ளன. மொழிகள் பிரிந்து வெவ்வேறு திசைகளில் சென்றபோதும், 'இப்பொழுது' என்று சொல்வதற்கு மட்டும் பழைய வீட்டுச் சொல்லையே மடியில் முடிந்துகொண்டு போயின போலும்.

பிறப்பில் ஒன்றாயினும் அதன் தொழில்கள் பல. 'நௌ, நௌ' என்று இருமுறை மெல்லச் சொன்னால் அழும் குழந்தையைத் தேற்றுவதாகும். அதையே சற்று அழுத்திச் சொன்னால் அதட்டுவதாகும். 'நௌ அண்ட் தென்' என்றால் எப்போதாவது என்று பொருள். 'நௌ தட்' என்று தொடங்கினால், ஒன்று நிகழ்ந்துவிட்டபடியால் இனி மற்றொன்று என்று காரணம் காட்டுவதாகும். 'பை நௌ' என்றால் இதற்குள் நடந்திருக்க வேண்டும் என்னும் கணிப்பு. நீதிமன்றத்தில் வழக்கறிஞர் 'நௌ' என்று இழுத்தால், சாட்சி சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது!

இவற்றுள் மாணவரை மிகவும் குழப்புவது 'ஜஸ்ட் நௌ' என்னும் தொடர். 'ஜஸ்ட் நௌ வந்தார்' என்றால் சற்று முன்பு வந்தார் என்று பொருள். 'ஜஸ்ட் நௌ வேலையாக இருக்கிறேன்' என்றால் இந்நேரத்தில் வேலையாக இருக்கிறேன் என்று பொருள். தென்னாப்பிரிக்காவிலோ 'ஜஸ்ட் நௌ வருகிறேன்' என்பவர் பிறகு வருவார்; எப்பொழுது என்று உறுதி சொல்வதற்கில்லை. இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்னும் முக்காலத்தையும் அவ்விரு சொற்களே சுமக்கின்றன. "தொடரைப் பார்க்காதீர்கள், அதனோடு வரும் வினைச்சொல்லைப் பாருங்கள். காலத்தைச் சொல்வது வினையே" என்று நாம் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போட்டோம். நம் மாணவர்கள் 'இப்பொழுதுதான் வந்தேன்' என்பதை அப்படியே ஆங்கிலமாக்கி 'நௌ ஒன்லி' என்று எழுதும்போதெல்லாம், சிவப்பு மையால் அதனை அடித்து 'ஜஸ்ட் நௌ' என்று திருத்தினோம். எத்தனை நூறு முறை அவ்வாறு திருத்தினோமோ, கணக்கில்லை.

நம் தமிழ்ச் சொல்லோ வேறு வகையானது. 'இ' என்னும் சுட்டும் 'பொழுது' என்னும் பெயரும் சேர்ந்தது 'இப்பொழுது'. பொழுது என்பது காலத்தையும் குறிக்கும், கதிரவனையும் குறிக்கும். பொழுது விடிகிறது, பொழுது சாய்கிறது என்கிறோம். ஆகவே நம் 'இப்பொழுது' என்பது கடிகார முள்ளின் நுனியன்று. வெயிலும் நிழலும் உள்ள ஓர் இடம். அதில் ஒருவர் வந்து அமரலாம், ஒருவருக்காகக் காத்திருக்கலாம்.

புனித அகுஸ்தீனார் தம் 'ஒப்புதல்கள்' நூலின் 11ஆம் பகுதியில் இந்த நிகழ்காலத்தைப் பிடித்துப் பார்க்க முயல்கிறார். நூறாண்டை எடுத்துக்கொள்கிறார். அதில் நிகழ்வது இந்த ஓராண்டு மட்டுமே. ஆண்டில் இந்த ஒரு மாதம். மாதத்தில் இந்த ஒரு நாள். நாளில் இந்த ஒரு மணி. அம்மணியும் நொடிகளாய்ச் சிதறுகிறது. கடைசியில் எஞ்சும் கணத்திற்கு அகலமே இல்லை. ஆயினும் அவர் கைவிட்டுவிடவில்லை. கடந்தவை நினைவாகவும், நிகழ்பவை கவனமாகவும், வருபவை எதிர்பார்ப்பாகவும் நம் உள்ளத்தில் இப்பொழுதே இருக்கின்றன என்று முடிவு காண்கிறார். கல்லூரி நாள்களில் இதனைப் படித்து வியந்தோம். அதன் பொருள் விளங்கியது 1987ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில்.

அப்பொழுது நாம் பாளையங்கோட்டையில் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் பணியில் இருந்தோம். எண்பத்தொரு வயதான நம் தாயார் தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையில் இருந்தார். தங்கை உடனிருந்தாள். பங்குத்தந்தை வந்து நோயில்பூசுதல் அளித்துச் சென்றிருந்தார். ஒரு நாள் நண்பகலில், நாம் திருத்திக்கொண்டிருந்த அறைக்குக் கடைநிலை ஊழியர் ஒருவர் துண்டுச்சீட்டுடன் வந்தார். தங்கை தொலைபேசியில் அழைத்திருக்கிறாள். அம்மா நம்மைப் பார்க்க விரும்புகிறார் என்பதே செய்தி.

முன்பும் இருமுறை அவ்வாறு அழைப்பு வந்து, ஓடிச் சென்று பார்த்தபோது அம்மா எழுந்து அமர்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மேசையில் அன்றைய கட்டு பாதி மீதமிருந்தது. கையில் சிவப்பு மைப் பேனா இருந்தது. அந்தச் சீட்டின் பின்புறத்திலேயே, ஆசிரியத் தொழில் பழக்கத்தால் ஆங்கிலத்தில், 'ஜஸ்ட் நௌ' வேலையாக இருப்பதாகவும் மாலையில் வருவதாகவும் எழுதிக் கொடுத்தனுப்பினோம். அலுவலக எழுத்தர் அதனைத் தொலைபேசியில் படித்துக் காட்டியதாக அறிந்தோம். நாம் எழுந்து செல்லவில்லை. தொலைபேசி இருந்த அறை ஐம்பதடி தொலைவில் இருந்தது.

நான்கு மணிக்குமேல் கட்டினை முடித்துக் கையொப்பமிட்டுவிட்டுப் பேருந்து ஏறினோம். கூட்டம் மிகுதி, நின்றுகொண்டே பயணம். வல்லநாட்டுப் பாலத்தில் தாமிரபரணியைக் கடக்கும்போது சட்டைப் பையிலிருந்து செபமாலையை எடுத்தோம். ஐம்பத்து மூன்று மணியையும் ஒருமுறை உருட்டி முடித்து, தூத்துக்குடியின் உப்பளங்களின் மேல் வெயில் தாழ்ந்துகொண்டிருந்தபோது மீண்டும் தொடங்கினோம். மருத்துவமனை வாயிலில் இறங்கியபோது இரண்டாம் முறையில் நான்காம் பத்து நடந்துகொண்டிருந்தது.

படிக்கட்டின் மேலே நின்ற செவிலியர் நம்மை அடையாளம் கண்டுகொண்டார். "ஜஸ்ட் நௌ, சார்" என்றார்.

அவர் வினைச்சொல்லைச் சொல்லவில்லை. வினையைக் கொண்டே காலத்தை அறிய வேண்டும் என்று இருபத்தைந்து ஆண்டுகள் கற்பித்திருந்த நமக்கு அன்று வினைச்சொல் தேவைப்படவில்லை. கடந்துபோன காலத்தை நம் இலக்கணம் ஏன் 'இறந்த காலம்' என்று பெயரிட்டது என்பது அப்படிக்கட்டில் விளங்கியது.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் சென்ற பின் தங்கை சொன்னாள்: "அண்ணா, அன்றைக்குத் தொலைபேசி ஒரே இரைச்சல். 'ஜஸ்ட் நௌ' என்பது மட்டும்தான் தெளிவாகக் கேட்டது. நீங்கள் உடனே புறப்பட்டுவிட்டீர்கள் என்று நினைத்தேன். 'அண்ணன் இதோ வந்துகொண்டிருக்கிறார்' என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்." அதைக் கேட்ட அம்மா, கதவு தெரியும்படி தலையணையை மாற்றி வைக்கச் சொன்னாராம். பிற்பகல் முழுவதும் அமைதியாகவே இருந்தாராம். "வருவான்" என்று இருமுறை சொன்னாராம்.

நம் சாக்குப்போக்கு தங்கையின் காதில் வாக்குறுதியாக மாறியிருந்தது. அந்தத் தவறுக்காக நாம் அழுவதா, அதற்காக இறைவனுக்கு நன்றி கூறுவதா என்று அன்று தெரியவில்லை. 86 வயதாகி, அன்னை வாழ்ந்த ஆண்டுகளையும் கடந்துவிட்ட இன்றும் இரண்டையுமே செய்கிறோம்.

அதன் பின் அருள் நிறைந்த மரியே செபத்தை நம்மால் முன்போலச் சொல்ல முடிந்ததில்லை. அதன் பிற்பகுதி 1568ஆம் ஆண்டில் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் வெளியிட்ட கட்டளைச் செப நூலில் இன்றைய வடிவில் இடம் பெற்றது. அதில் நாம் அன்னை மரியாவிடம் இரண்டு வேளைகளுக்காக மட்டுமே மன்றாடுகிறோம். ஒன்று, 'நுங்க்', அதாவது இப்பொழுது. மற்றொன்று, நம் இறப்பின் வேளை. நேற்றைக்காகவும் கேட்பதில்லை, இடையில் கிடக்கும் ஆண்டுகளுக்காகவும் கேட்பதில்லை. அவ்விரு வேளைகளும் ஒருநாள் ஒன்றாகும் என்று மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். அன்று பேருந்தில் நாம் உருட்டிய மணிகளுள் ஏதோ ஒரு மணியில், நம் தாயாருக்கு அவை ஒன்றாயின. அது எந்த மணி என்று நாம் அறியோம். அறியாத காரணத்தால், ஒவ்வொரு மணியிலும் அந்தச் சொல்லை அடையும்போது சற்று நிற்கிறோம். உடன் செபிக்கும் பேரப்பிள்ளைகள் முன்னே ஓடிவிடுகிறார்கள். ஓடட்டும், அவர்கள் வயது அப்படி.

திருச்சபையின் இரவுச் செபத்தில் நாள்தோறும் ஒலிக்கும் சிமியோனின் பாடலும் இலத்தீனில் அச்சொல்லோடுதான் தொடங்குகிறது. அப்பாடலுக்குப் பெயரே 'நுங்க் திமித்திஸ்'. வாழ்நாளெல்லாம் காத்திருந்த முதியவர் குழந்தையைக் கைகளில் ஏந்திய பிறகே 'இப்பொழுது' என்கிறார். ஒருவர் வரும்வரை அச்சொல்லைச் சொல்லாமல் அவர் வைத்திருந்தார். கதவை நோக்கித் திருப்பி வைத்த தலையணையில் நம் தாயாரும் அச்சொல்லை வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஏந்திக்கொள்ளத்தான் நாம் அங்கில்லை. ஆயினும் வந்து ஏந்திக்கொண்டவர் நம்மினும் பெரியவர் என்பதே நம் நம்பிக்கை.

அன்புக்குரியவர்களே, புனித பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில், ஏற்புடைய காலம் இதுவே என்று அழுத்திக் கூறுகிறார். மனமாற்றத்திற்கு மட்டும் அதனைப் பொருத்திப் பார்க்க வேண்டியதில்லை. பதில் எழுதப்படாத ஒரு கடிதம், எடுக்கப்படாத ஒரு தொலைபேசி அழைப்பு, 'மாலையில் பார்க்கலாம்' என்று தள்ளி வைத்த ஒரு முகம் நம் ஒவ்வொருவருக்கும் உண்டு.

அந்த நிகழ்ச்சிக்குப் பின் நாம் பத்தாண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்தோம். 'நௌ ஒன்லி' என்று மாணவர் எழுதினால் அதனை அடிக்கத்தான் செய்தோம்; ஆங்கில இலக்கணம் நமக்காக மாறாது. ஆனால் வகுப்பறை வாயிலில் யாரேனும் வந்து அழைத்தால், எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடிக்காமலே எழுந்து சென்றோம். ஏப்ரல் மாதத்து அந்த நண்பகலில் மேசையில் மீதமிருந்த விடைத்தாள்கள் எத்தனை என்பது அன்று நமக்கு மிக முக்கியமாகத் தோன்றியது. இன்று எவ்வளவு முயன்றும் அந்த எண் நினைவுக்கு வரவில்லை.