கூட்டு அடுப்பும் வீட்டு நிலவறையும்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், செக் நாட்டு எல்லையை ஒட்டி, ஓபர்ஃபால்ஸ் என்றொரு பகுதி உண்டு. ஊசியிலைக் காடுகளும் மீன் வளர்க்கும் குளங்களும் கருங்கற் பாறைகளும் நிறைந்த பூமி அது. கண்ணாடித் தொழிலுக்கும் பீங்கான் தொழிலுக்கும் பெயர்பெற்றது. மக்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். கோடையில் அந்நாட்டுப் பங்குத்தந்தையர் விடுமுறையில் செல்லும்போது, அவர்களுக்குப் பதிலாகத் திருப்பலி நிறைவேற்ற நம் நாட்டுக் குருக்கள் சிலர் அங்குச் சென்று வருவதை வாசகர்கள் அறிவர். அவ்வாறு ரேகன்ஸ்புர்க் மறைமாவட்டத்தில் நாம் தங்கியிருந்த நாட்களில் கண்டதையும் கேட்டதையுமே இங்கு எழுதுகிறோம். பொருளோ, வீட்டில் பீர் காய்ச்சுவது!

குடியினால் சிதைந்த குடும்பங்களின் கண்ணீரை அன்றாடம் காணும் ஒரு பங்குத்தந்தை இதைப் பற்றி எழுதலாமா என்று சிலர் வினவக்கூடும். அந்தக் கண்ணீரைக் கண்டதனால்தான் எழுதுகிறோம். மது தெருக்கடையில் இல்லாமல் வீட்டின் நிலவறையிலேயே இருக்குமானால், அந்த வீடு எப்படி நிலைத்து நிற்கிறது? இக்கேள்வியே நம்மை அங்கு அழைத்துச் சென்றது.

ஊரும் உரிமையும்

ரேகன்ஸ்புர்க்கிலிருந்து வடக்கே செல்லும் ரயிலில் ஏறினால், வைடன் நகரைக் கடந்து, ஒன்றரை மணி நேரத்திற்குள் விண்டிஷெஷன்பாக் என்னும் சிற்றூரை அடையலாம். ஏறக்குறைய 5,000 மக்கள் வாழும் ஊர். வால்ட்நாப், ஃபிக்டல்நாப் என்னும் இரு சிற்றாறுகள் அங்கே கூடுகின்றன. எதிரே, குன்றின்மேல், பழைய கோட்டையோடு நொய்ஹௌஸ் என்னும் ஊர் நிற்கிறது. பூமியின் உட்புறத்தை ஆராய்வதற்காக 1990களில் விஞ்ஞானிகள் 9,101 மீட்டர் ஆழத்திற்குத் துளையிட்டதும் இவ்வூரின் அருகில்தான். ஆயினும் அக்கம்பக்கத்தார் இவ்வூரைப் பற்றிப் பேசும்போது முதலில் குறிப்பிடுவது அந்த ஆழ்துளையை அன்று. ‘சொய்கல்’ என்னும் பீரையே.

சொய்கல் ஆலையில் செய்யப்படுவதன்று. ஊர்ப் பொதுவில் ஒரு காய்ச்சும் கூடம் உண்டு. அதன் அடுப்பும் கொப்பரையும் அனைவர்க்கும் பொது. காய்ச்சிய சாற்றைப் புளிக்கவைத்து முதிரவைக்கும் நிலவறை மட்டும் அவரவர் வீட்டுக்குச் சொந்தம். நொய்ஹௌஸ் மக்கள் 1415ஆம் ஆண்டு முதல் இவ்வுரிமையைப் பெற்றிருக்கிறார்கள். உரிமை ஆளுக்கு உரியதன்று, வீட்டுக்கு உரியது என்பது இங்கே கவனிக்கத்தக்கது. நிலத்தோடு கிணற்றுப் பாத்தியம் சேர்ந்து வருவதைப் போல, வீட்டோடு காய்ச்சும் பாத்தியமும் சேர்ந்தே வருகிறது. விண்டிஷெஷன்பாக், நொய்ஹௌஸ், மிட்டர்டைக், ஃபால்கன்பெர்க், எஸ்லார்ன் ஆகிய ஐந்து ஊர்களில் இம்முறை இன்றும் உயிரோடிருக்கிறது. 2018ஆம் ஆண்டில் ஜெர்மனி இதனைத் தன் நாட்டுப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

பொது அடுப்பு ஏன் வேண்டியிருந்தது? காரணங்கள் எளியவை. முன்னாளில் வீடுகள் மரத்தாலானவை; வீட்டுக்கு வீடு பெரிய தீ மூட்டினால் ஒரே பொறியில் ஊரே சாம்பலாகும். விறகும் வீணாகும். செம்புக் கொப்பரை வாங்கும் வசதியோ எல்லார்க்கும் இராது. ஆகவே ஊராரின் தீயை ஓரிடத்தில் மூட்டி, முறைவைத்துப் பயன்படுத்தினர். காய்ச்சும் நாளுக்கு ஒவ்வொருவரும் ‘கொப்பரைப் பணம்’ செலுத்த வேண்டும். கூடத்தின் பராமரிப்பு அதிலிருந்து நடைபெறுகிறது.

ஒரு நாள் வேலை

காய்ச்சும் நாளில் விடியுமுன்பே கூடத்தில் விறகு எரியத் தொடங்கிவிடுகிறது. மூலப்பொருள் வாற்கோதுமை. நம் தாய்மார்கள் குழந்தைக்குக் கஞ்சி வைக்கக் கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி உலர்த்துவதில்லையா? அதுபோலவே வாற்கோதுமையையும் முளைகட்டி உலர்த்தி, நொறுங்க அரைத்து, வெந்நீரில் கலக்குகிறார்கள். முளைத்த தானியத்திலேயே மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் பொருள் அடங்கியிருக்கிறது. ஆனால் அது தனக்கேற்ற சூட்டில்தான் வேலை செய்யும். ஏறக்குறைய 62 முதல் 72 டிகிரி வரை படிப்படியாகச் சூட்டை ஏற்றுகிறார்கள். அவசரப்பட்டு மிகுதியாக ஏற்றினால் அப்பொருள் அழிந்துபோகும், மாவு மாவாகவே நின்றுவிடும். ஒரு சொட்டுக் கரைசலில் அயோடின் விட்டுப் பார்ப்பார்கள். அது கருநீலமாக மாறினால் மாவு இன்னும் மிச்சமிருக்கிறது என்று பொருள்.

பின்னர் சாற்றை வடித்தெடுக்கிறார்கள். எஞ்சிய சக்கை மாடுகளுக்குத் தீவனமாகிறது. சாற்றோடு ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைச் சேர்த்து ஒன்றரை மணி நேரம் அளவில் கொதிக்கவிடுகிறார்கள். இந்தப் பூவே பீருக்குக் கசப்பைத் தருவது. கெட்டுப்போகாமல் காப்பதும் அதுவே. மாலையில், ‘குளிர்க்கப்பல்’ என்று அவர்கள் அழைக்கும் அகன்ற தட்டையான தொட்டியில் சாறு ஊற்றப்பட்டு, இரவெல்லாம் ஆறுகிறது. மறுநாள் காலை அதைத் தொட்டியில் நிரப்பி, டிராக்டரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அதுவரை அது வெறும் இனிப்புச் சாறுதான். ஒரு துளி மதுவும் அதில் இல்லை.

வீட்டு நிலவறை

நாம் கண்ட நிலவறை, வீட்டின் அடியில் பதினைந்து படிகள் கீழே இருந்தது. கருங்கற் சுவர், கோடையிலும் உடல் நடுங்கும் குளிர். தரை நடுவே நீர் வடியும் கால்வாய். சுவரோரம் பளபளக்கும் எஃகுத் தொட்டிகள். வேறு பொருள் எதுவும் அங்கே இல்லை. உருளைக்கிழங்கு மூட்டையோ பழைய நாற்காலியோ கிடையாது. “இங்கே பாதி நேரம் காய்ச்சும் வேலை அல்ல சாமி, கழுவும் வேலைதான்” என்றார் வீட்டுத் தலைவி. கொதித்து ஆறிய சாற்றைத் தொடும் குழாய், வாளி, கரண்டி அனைத்தும் மாசறக் கழுவப்பட்டிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கிருமி ஒன்று புகுந்தாலும் ஒரு மாத உழைப்பு புளித்த நீராகிவிடும்.

இங்கேதான் ஈஸ்ட் சேர்க்கப்படுகிறது. குளிரில் வேலை செய்யும் வகை அது. 8 முதல் 10 டிகிரியில், ஒரு வாரம் பத்து நாள், மெல்ல நுரைத்துச் சர்க்கரையை மதுவாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கிறது. எடையில் ஏறக்குறையச் சரிபாதி வாயுவாகிவிடும்! அவ்வாயு காற்றைவிடக் கனமானது. நிலவறையின் அடியில் தேங்கி, குனிந்து வேலை செய்பவரின் உயிரையே கவரக்கூடியது. ஆகவே காற்றுப்போக்கி ஓடாமல் எவரும் கீழே இறங்குவதில்லை. வாயுவின் அளவு மிகுந்தால் ஒலியெழுப்பும் கருவியும் வாயிலில் மாட்டப்பட்டிருக்கிறது. சிறுவர்க்கு அங்கே அனுமதி இல்லை. பின்பு பல வாரங்கள் குளிரில் முதிரவைத்து, வடிகட்டாமலே பரிமாறுகிறார்கள்.

வாசலில் நட்சத்திரம்

பீர் முதிர்ந்ததும் வீட்டின் வாசலில் ஒரு கழி நீட்டி, அதில் ஆறு முனை நட்சத்திரம் ஒன்றைத் தொங்கவிடுகிறார்கள். ‘சொய்கல்’ என்னும் சொல்லுக்கே ‘அடையாளம்’ என்றுதான் பொருள். தாவீதின் நட்சத்திரத்தை அது ஒத்திருந்தாலும், இங்கே அது காய்ச்சுவோரின் குறி. ஒரு முக்கோணம் நெருப்பு, நீர், காற்று ஆகிய மூன்றையும், மற்றொன்று நீர், முளைதானியம், ஹாப்ஸ் ஆகிய மூன்றையும் குறிக்கும் என்பார்கள். ஈஸ்ட் அதில் இடம்பெறவில்லை. பழங்காலத்தார் அதன் தன்மையை அறிந்திருக்கவில்லை.

நட்சத்திரம் எல்லா நாளும் தொங்குவதில்லை. இவ்வாரம் இந்த வீடு, அடுத்த வாரம் அந்த வீடு என்று முறை உண்டு. பெரும்பாலும் மாதத்திற்கு ஒரு முறை, வெள்ளி முதல் திங்கள் வரை. அந்நாட்களில் வீட்டின் கூடமே விருந்தறையாகிறது. நீண்ட மேசைகள், தனி மேசை எவர்க்கும் இல்லை. மருத்துவரும் மரம் வெட்டுபவரும் தோளுரச அமர்கிறார்கள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வீட்டில் செய்த இறைச்சி வகைகளும் வருகின்றன. தாத்தாவும் பேரனும் ஒரே மேசையில் இருக்கிறார்கள். ஊரார் கண்முன், வீட்டாரின் கண்முன் அருந்துவதால், அளவு மீறுகிறவரை வீட்டுத் தலைவியே தடுத்துவிடுகிறார். இருட்டு மூலையில் ஒளிந்து குடிக்கும் இடம் அங்கே இல்லை.

ஒரு குடும்பத்தின் முடிவு

ஆயினும் வாசகர்கள் இதனைக் குடிக்குச் சான்றிதழ் என்று கொள்ளலாகாது. ஜெர்மனியிலும் குடிநோய் பல குடும்பங்களை வாட்டுகிறது. அங்குள்ள கத்தோலிக்கர் 1896ஆம் ஆண்டிலேயே ‘க்ரொய்ட்ஸ்புண்ட்’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். சிலுவைக் கூட்டமைப்பு என்பது அதன் பொருள். குடிநோயிலிருந்து மீள விரும்புவோரும் அவர்தம் குடும்பத்தாரும் சிறு குழுக்களாகக் கூடி ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வதே அதன் வழி.

மேற்கூறிய ஐந்து ஊர்களுள் ஒன்றில், காய்ச்சும் உரிமை பெற்ற ஒரு வீட்டார் தங்கள் கதையை நமக்குச் சொன்னார்கள். அவர்கள் இசைவோடு, ஊரையும் பெயரையும் விட்டுவிட்டு எழுதுகிறோம். அவ்வீட்டில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து காய்ச்சி வந்தனர். நிலவறைச் சாவி அண்ணனிடம். சுவை பார்ப்பதற்கென்று இறங்கியவர், நாளடைவில் காலையிலும் இறங்கத் தொடங்கினார். மேசையில் ஊரார் முன் ஒரு குவளைக்கு மேல் தொடமாட்டார். ஆகவே எவர்க்கும் ஐயமில்லை. ஒரு நாள் அவரைப் படிக்கட்டின் கீழே மயங்கிக் கிடக்கக் கண்டார்கள். மருத்துவமனை, பின்பு பல மாதச் சிகிச்சை, அதன்பின் வாரந்தோறும் குழுக் கூட்டம்.

அப்போது குடும்பத்தின் முன் ஒரு கேள்வி எழுந்தது. தலைமுறைகளாக வந்த உரிமையை விட்டுவிடுவதா? காய்ச்சினால் அண்ணனை இழக்கலாம். காய்ச்சாவிட்டால் பாட்டன் வீட்டின் முறையை இழக்கலாம். அவர்கள் பொதுக்கூடத்தில் எழுந்து உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். வெட்கமாக இல்லையா என்று கேட்டோம். “இருந்தது சாமி. ஆனால் மறைத்த காலத்தில்தானே அவர் படியிலிருந்து விழுந்தார்?” என்றார் தம்பியின் மனைவி. மற்ற வீட்டார் அவர்களது வாரங்களைத் தமக்குள் பகிர்ந்துகொண்டு, “நீங்கள் திரும்பும் நாளில் உங்கள் முறை உங்களுக்கே” என்றார்களாம். இரண்டு ஆண்டுகள் அவ்வீட்டின் கழியில் நட்சத்திரம் தொங்கவில்லை.

மீண்டும் தொடங்கச் சொன்னவர் அண்ணனே. “என் பொருட்டு நீங்கள் அடுப்பை அணைக்க வேண்டாம், நிலவறைச் சாவி மட்டும் என் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும்” என்றார். இன்று காய்ச்சுபவர் தம்பியின் மகள். நட்சத்திரம் தொங்கும் நான்கு நாட்களில் பெரியப்பா தம் சகோதரி வீட்டுக்குப் போய்விடுகிறார். நாம் சென்ற நாள் வேறு வீட்டின் முறை; அவர் நம்மோடு அமர்ந்து ஆப்பிள் சாறு அருந்தினார். ஏன் என்று எவரும் கேட்கவில்லை. “இது வெற்றி அல்ல; இன்றைய நாள்” என்று மட்டும் சொன்னார்.

நாம் எடுத்துக்கொள்வது

நம் தமிழகத்தில் வீட்டில் மது காய்ச்சுவது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றமாகும். இக்கட்டுரையைப் படித்து எவரும் பானையைத் தேட வேண்டாம். ஜெர்மனியிலும் சொந்தத் தேவைக்குக் காய்ச்சுபவர் முன்பெல்லாம் சுங்க அலுவலகத்துக்கு முன்னதாகத் தெரிவிக்க வேண்டியிருந்தது. விற்பவர் வரி செலுத்த வேண்டும்.

ஓபர்ஃபால்ஸ் மக்களிடம் நாம் கற்றது காய்ச்சும் முறையை அன்று. தீயைப் பொதுவில் வைத்தவர்கள், முறையையும் பொதுவில் வைத்தார்கள். அந்த முறைதான் ஒரு குடும்பம் தடுமாறிய வேளையில் அதற்கு மூச்சுவிட இடம் தந்தது. மேசையில் அளவு இருந்தும், பூட்டிய நிலவறையில் அளவு இல்லாமற் போயிற்று. அண்டை வீட்டார் பார்க்கும் இடத்தில் இருந்தவரை கட்டுக்குள் நின்றது, ஒருவர் கையில் மட்டும் இருந்த சாவியால் கட்டுமீறியது.

நம் பங்குகளில் எத்தனை வீடுகள் இத்துன்பத்தை மூடிவைத்து மூச்சுத் திணறுகின்றன! கோவிலில் அருகருகே மண்டியிடும் நாம், அடுத்த வீட்டுக் கதவு ஏன் மூடியே கிடக்கிறது என்று கேட்டதுண்டா? அந்த வீட்டார் ஒருநாள் வந்து உள்ளதைச் சொன்னால், புறம் பேசாமல், அவர்கள் சுமையில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு பங்கை ஏற்க நாம் தயாரா? அந்த மலைநாட்டுச் சிற்றூரார் தயாராயிருந்தார்கள். அதற்கு அவர்களுக்குப் பெரும் பொருட்செலவு ஒன்றும் ஆகவில்லை. தம் நாட்காட்டியில் சில வாரங்களை மாற்றி எழுதிக்கொண்டார்கள், அவ்வளவே.