கம்பளிப் பந்தும் காலேஜ் ஸீட்டும்

அக்கா பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான். அதனால் எங்கள் வீட்டில் தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வட்டமேஜை மாநாடு. மேஜை கிடையாது, திண்ணைதான். அக்கா ஒரு காலேஜ் பேரைச் சொல்வாள். அத்தான் அதை மறுத்து வேறொன்று சொல்வார். எதிர்வீட்டுக்காரர் யாரும் கேட்காமலே மூன்று சொல்வார். பையன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் செல்போனைத் தடவிக்கொண்டிருப்பான்.

போன வாரம்தான் வாயைத் திறந்தான்.

"மாமா, அமெரிக்காவுல சில பசங்க பக்கத்துல நல்ல டிஸ்க் கோல்ஃப் மைதானம் இருக்கான்னு பாத்துட்டுத்தான் காலேஜையே செலக்ட் பண்றாங்களாம்."

"அது என்னடா மாப்ளே, டிஸ்க் கோல்ஃப்?"

செல்போனைத் திருப்பிக் காட்டினான். மரமும் புல்லுமாக ஒரு பூங்கா. ஒருத்தன் பிளாஸ்டிக் தட்டு ஒன்றைச் சுழற்றி எறிகிறான். தூரத்தில் ஒரு கம்பு, அதில் இரும்புச் சங்கிலிகள் தொங்குகின்றன, கீழே கூடை. தட்டு சங்கிலியில் மோதி 'ஜல்' என்று கூடைக்குள் விழ வேண்டும். குறைந்த எறியில் விழவைத்தவன் ஜெயித்தான். அவ்வளவுதான் விளையாட்டு!

"இதுக்குத் தட்டை எறியணுமா? உங்க மாமன் சின்ன வயசுல உப்புமா போட்டா வீட்லயே எறிவான்" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. திண்ணையின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த அப்பாவும் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன். ஆனால் காரணம் அப்போது தெரியவில்லை.

நான் சிரிக்காததற்குக் காரணம் இருக்கிறது. 2008-ல் நானும் அந்த அமெரிக்கப் பையன் செய்ததைத்தான் செய்தேன். என்ன, எனக்குத் தட்டு இல்லை. கம்பளிப் பந்து.

பூப்பந்து விளையாட்டைத் தெரியும்தானே உங்களுக்கு? தெரியாவிட்டால் உங்கள் அப்பாவைக் கேளுங்கள். மஞ்சள் கம்பளி நூலில் செய்த, எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர். 24 மீட்டருக்கு 12 மீட்டர் களம், நடுவில் வலை, கையில் மட்டை. பந்து தரையைத் தொட்டால் போச்சு. இறகுப்பந்துக்குப் பெரியப்பா மகன் மாதிரி இருக்கும். தஞ்சாவூர் ராஜ வம்சத்தார் விளையாடியது என்று பெருமையாகச் சொல்வார்கள். 1954-லேயே அகில இந்திய அளவில் சங்கம் அமைத்தாயிற்று. வாரங்கல்காரர் பிச்சையா இந்த ஆட்டத்துக்காக 1970-ல் அர்ஜுனா விருதே வாங்கினார். இத்தனை இருந்தும் ஒலிம்பிக்கில் கிடையாது, டி.வி.யில் கிடையாது, ஸ்பான்சர் கிடையாது. பந்துக்கே நாங்கள் ஆளுக்கு ஐந்து ரூபாய் வசூல் செய்வோம்.

அதிலும் நான் எந்த ஊர்க்காரன்? அலங்காநல்லூர்! தை மூன்றாம் நாள் உலகமே எங்கள் வாடிவாசலைப் பார்க்கிறது. 2024-ல் கீழக்கரையில் ஏறுதழுவுதலுக்கென்று பிரம்மாண்டமாக அரங்கமே கட்டித் திறந்துவிட்டார்கள். எங்கே போய் ஊர் பேரைச் சொன்னாலும் அடுத்த கேள்வி, "மாடு புடிப்பீங்களா?" என்பதுதான். இல்லை, கம்பளிப் பந்து அடிப்பேன் என்று சொன்னால் எதிராளி முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! (உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மாடு என்றால் பயம். எங்கள் வீட்டுப் பசுவே என்னைப் பார்த்தால் கொம்பை ஆட்டும்.)

பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப். 1200-க்கு 1021. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரரிடமெல்லாம் மார்க்கைச் சொல்லிக்கொண்டு வந்தார். மதுரையில் காலேஜுக்கா பஞ்சம்? 1881-லிருந்து நிற்கிற அமெரிக்கன் கல்லூரி ஒரு பக்கம், தெப்பக்குளத்துப் பக்கம் தியாகராசர், திருவேடகத்தில் வைகைக் கரையில் விவேகானந்தா, தேனி ரோட்டில் கருமாத்தூர் அருளானந்தர் என்று அப்பா சிகரெட் அட்டையின் பின்பக்கம் ஒரு லிஸ்ட்டே எழுதி வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் போட முடியுமா? கடைசியில் இரண்டு இடங்களுக்கு அப்ளிகேஷன் போட்டேன்.

இரண்டின் பேரையும் சொல்லப்போவதில்லை. கதை என்னைப் பற்றியது, பாவம் அவர்களை எதற்கு இழுப்பானேன்.

முதல் காலேஜ் பெரிய பேர் உள்ளது. அரசு உதவி பெறும் பிரிவு, ஃபீஸ் கம்மி. அங்கே படித்தவன் என்று சொன்னால் பெண் கொடுக்கிறவர்கள் யோசிக்காமல் கொடுப்பார்கள் என்பது அப்பாவின் கணக்கு. இரண்டாவது காலேஜில் எனக்குக் கிடைக்கக்கூடியது சுயநிதிப் பிரிவுதான். வருஷத்துக்கு ஒன்பதாயிரம் அதிகம். பாதி வகுப்புகள் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே நடந்தன.

அப்ளிகேஷன் வாங்கப் போன அன்றைக்கே இரண்டு இடத்திலும் சாயங்காலம் நாலரை மணி வரை சுற்றிக்கொண்டு நின்றேன். இதை மட்டும் இப்போதும் யார் கேட்டாலும் சொல்வேன். பிராஸ்பெக்டஸில் இருக்கிற மைதானத்தை நம்பாதீர்கள். நாலரை மணிக்குப் போய்ப் பாருங்கள். வலை கட்டியிருக்கிறதா, கோடு புதுசாகப் போட்டிருக்கிறதா, விளையாடுகிறவன் யார், விசில் வைத்திருக்கிறவர் யார் என்று பாருங்கள். முதல் காலேஜில் பூப்பந்துக் களம் இருந்தது. அதன் மேல் இருபத்தெட்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன (எண்ணினேன்). கம்பத்தில் யாரோ துண்டு காயப்போட்டிருந்தார்கள்.

இரண்டாவது காலேஜில் செம்மண் தரைக்கு ஒரு பையன் குடத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். இன்னொருத்தன் சுண்ணாம்புக் கோடு இழுத்தான். ரிட்டையர் ஆன ஒரு பெரியவர், கோச் எல்லாம் இல்லை, பக்கத்துத் தெருக்காரர், ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா, சும்மா நிக்கிறதுக்கு மட்டை புடிக்கத் தெரியுமா?" என்று என்னையும் ஒரு அதட்டல். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினேன். இருட்டுகிற வரைக்கும் ஆடினேன். என் காலேஜ் அன்றைக்கு அங்கேயே முடிவாகிவிட்டது.

பத்து நாள் கழித்து முதல் காலேஜில் லிஸ்ட் ஒட்டினார்கள். அப்பாவுக்கு வயலில் வேலை, நான் தனியாகத்தான் போனேன். நோட்டீஸ் போர்டில் ஒரே கூட்டம். முண்டியடித்துப் போய்ப் பார்த்தால் என் பெயர். பதினாலாவதாக, இனிஷியலோடு, தெளிவாக.

ஒரு மணி நேரம் எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, "லிஸ்ட்ல பேர் இல்லப்பா" என்றேன்.

அப்பா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "1021 எடுத்தும் இல்லையா? என்னமோ தப்பு நடந்திருக்கு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அடுத்த நான்கு நாளும் அவர் அலைந்த அலைச்சல் இருக்கிறதே! பெரிய மனுஷர் ஒருவர் வீட்டு வாசலில், கையில் மைசூர்பாகுப் பெட்டியோடு, காலை ஏழு மணியிலிருந்து மத்தியானம் வரை நின்றிருக்கிறார். எதற்கு? மகனுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்ட ஸீட்டுக்குச் சிபாரிசுக் கடிதம் வாங்க! அன்றைக்கு மத்தியானம் வெயிலில் கறுத்துப்போய் வந்து, "லெட்டர் தர்றேன்னுட்டாருடா" என்று சிரித்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

அதற்குள் இரண்டாவது காலேஜில் பணம் கட்டக் கடைசி நாள் வந்துவிட்டது. வயலில் கரும்பு நின்றதே தவிர வெட்டுக்கு இன்னும் மாசக்கணக்கில் இருந்தது. அப்பா பசுவை விற்றார். நான் சொன்னேனே, கொம்பை ஆட்டும் என்று, அதே பசு. அலங்காநல்லூர்க்காரன் எத்தனையோ பேர் மாட்டைப் பிடித்துப் பரிசு வாங்கியிருக்கிறான். மாட்டை விற்கவைத்துப் பூப்பந்து ஆடப்போனவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

மூன்று வருஷம் ஆடினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாக இருந்தது. காலையில் கணக்குப் பதிவியல், மத்தியானம் வருமான வரி, சாயங்காலம் களம். ஆடி மாதக் காற்றில் ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான் பூப்பந்து தெரியும். கம்பளிப் பந்துக்கு எடை கிடையாது. நீங்கள் வலது மூலைக்கு அடித்தால் அது பாட்டுக்கு இடது பக்கம் பெருந்தெய்வம் இருக்கிற திசையில் போய்விடும். டாஸ் ஜெயித்தவன் முதலில் மண்ணைக் கிள்ளி மேலே தூவிப் பார்ப்பான், எந்தப் பக்கம் பறக்கிறது என்று. மழைத் தூறல் பட்டாலோ பந்து ஊறிய இட்லி. ஆட்டம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். எல்லாம் சரியாக அமைந்த சாயங்காலம் மாசத்தில் நாலு வந்தால் அதிகம். அந்த நாலுக்காகத்தான் மீதி இருபத்தாறு நாளும் போவது.

இரண்டாம் வருஷம் ஒருநாள் ஆட்டத்தின் நடுவே திரும்பிப் பார்த்தால், காம்பவுண்டுச் சுவரோரம் அப்பா! உர மூட்டை விஷயமாக டவுனுக்கு வந்தவர், 'சும்மா எட்டிப் பார்க்கலாம்னு' வந்தாராம். எனக்குக் கை நடுங்கி வரிசையாக மூன்று பந்தை வலையில் அடித்தேன். இருட்டும் வரை உட்கார்ந்து பார்த்தார். பஸ்ஸில் வரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"காத்து எதுத்து அடிக்கையில என்னப்பா செய்வ?"

"கொஞ்சம் உயரத்தைக் குறைச்சு, பலமா அடிக்கணும்ப்பா."

"ம்" என்றார். பிறகு சிக்கந்தர்சாவடி தாண்டும் வரை ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கடைசி வருஷம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அரையிறுதி வரை போனோம். அப்போதெல்லாம் ஆட்டத்துக்கு 29 புள்ளி (இப்போது 35 ஆக்கிவிட்டார்கள்). மூன்றாவது ஆட்டத்தில் 27-க்கு 27. அடுத்த பந்து என்னிடம்தான் வந்தது. அதற்கு மேல் வேண்டாம், விடுங்கள்.

எங்கள் கேப்டனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை கிடைத்தது. எனக்கு அந்த ஆட்டத்தால் ஒரு வேலையும் கிடைக்கவில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கணக்கு எழுதினேன், பிறகு இந்த மாதிரி எழுத ஆரம்பித்தேன். முதல் காலேஜில் படித்திருந்தால் ஆடிட்டர் ஆகியிருப்பேனோ என்று சில சமயம் மாசக் கடைசியில் தோன்றும். ஒன்றாம் தேதி மறந்துவிடும். அந்தக் காலேஜ் வழியாக பஸ் போனால் மட்டும் இன்னமும் அந்தப் பக்கம் தலையைத் திருப்ப மாட்டேன். மைசூர்பாகும் சாப்பிடுவதில்லை.

சரி, திண்ணைக்கு வருகிறேன். தட்டு எறிகிற விளையாட்டைப் பற்றிப் பையன் விடாமல் பேசிக்கொண்டிருந்தான். அதைப் பெரிசாக்கியவர் எட் ஹெட்ரிக் என்று ஒருத்தராம். 1975-ல் கலிபோர்னியாவில் முதல் மைதானம் அமைத்தவர். 2002-ல் அவர் இறந்ததும், அவருடைய ஆசைப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகளாகவே வார்த்துவிட்டார்களாம்! "அடப்பாவி, கங்கையில கரைக்க மாட்டாங்களா?" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இவனுக்கு ஏத்த மாதிரி ஒரு காலேஜ் லிஸ்ட் ரெண்டு நாள்ல வருது" என்று அத்தான் பேச்சை மாற்றினார். "நான் ஆபீஸ் போகணும். இவனே பாத்துக்குவான்."

அதுவரை வாயைத் திறக்காத அப்பா, செம்பைக் கீழே வைத்தார்.

"தனியா லிஸ்ட் பாக்க வேணாம். நானும் பக்கத்துல இருக்கேன்."

"தாத்தா, இப்பல்லாம் லிஸ்ட் ஆன்லைன்ல வரும். போர்டுல ஒட்ட மாட்டாங்க."

"எதுல வந்தாலும் சரி, எங்கண்ணு முன்னாடி தொற. உங்க மாமன் போயி பாத்துட்டு வந்தான். பதினாலாவதா இருந்த பேரு அவன் கண்ணுக்குத் தெரியல."

திண்ணையில் சத்தமே இல்லை. எதிர்வீட்டுக்காரர்கூட வாயை மூடிக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"எப்பப்பா தெரியும்?" என்றேன் கொஞ்ச நேரம் கழித்து.

"சிபாரிசு லெட்டரைக் கொண்டுபோய்க் குடுத்தப்பவே. 'லிஸ்ட்லயே இருக்கே பெரியவரே, ரெண்டு நாள் முன்ன தேதி முடிஞ்சுபோச்சே'ன்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

"அப்பவே ஏன் கேக்கல?"

"மாட்டை வித்தாச்சு. அதுக்கப்புறம் கேட்டு?" என்றவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எதுக்குத்தான் அப்படி ஓடுனான்னு ஒருநாள் வந்து பாத்தேன்ல."

உர மூட்டை! பதினைந்து வருஷத்துக்கும் மேலாக நான் அந்த உர மூட்டையை நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நேற்று மத்தியானம் மூன்று மணி பஸ்ஸுக்குத் தாத்தாவும் பேரனும் டவுனுக்குக் கிளம்பினார்கள். இந்த வேகாத வெயிலில் எதற்கு என்று அம்மா சத்தம் போட்டாள். "நாலரைக்கு அங்க இருக்கணும், மைதானத்தைப் பாக்கணும்" என்றார் அப்பா. மறக்காமல் கண்ணாடியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.