முற்றம்னு பேர் வச்ச ஒரு ஸ்பெயின் பாட்டுத்தட்டு

போன ரெண்டு பதிவும் மஞ்சள் வேகவைக்கிறதும் கூலியாள் கிடைக்காததுமாவே போயிருச்சு. இந்தத் தடவை தோட்டத்துக்குச் சம்பந்தமில்லாத விசயம். ஸ்பெயின் நாட்டுப் பாட்டு. "இவனுக்கு என்னாச்சு"ன்னு நினைக்காம கடைசி வரைக்கும் படிங்க. ஒரு வீட்டு சமாச்சாரமும் இதுக்குள்ள இருக்கு.

எங்க பக்கம் மும்முனை கரண்ட் பாதி நாள் ராத்திரியிலதான் வருது. ஒரு மடையைத் திருப்பிவிட்டா அடுத்த பாத்தி நிறையற வரைக்கும் வரப்புல உக்காந்திருக்கணும். அந்த நேரத்துக்குப் பாட்டுத்தான் துணை. கோயமுத்தூர்ல வேலை பாக்குற எங்க அண்ணன் பையன் அப்பப்ப ஏதாவது அனுப்புவான். "சித்தப்பா, வானத்தைப் பாத்துக்கிட்டே கேளுங்க"ன்னு ஒண்ணு அனுப்பினான். டெர்பி மோத்தோரெட்டாஸ் புர்ரீத்தோ கச்சிம்பான்னு வாயில நுழையாத பேரு. செவியா ஊர்ப் பசங்க ஆறு பேர். முதல் தட்டு 2019ல வந்திருக்கு.

கேட்டா 1970கள்ல பதிவு பண்ணின மாதிரி இருக்கு. கித்தார் சத்தம் நேரா வர்றதில்லை. அதைக் கருவிக்குள்ள விட்டுக் கரகரப்பாக்கி, எதிரொலி சேத்து நீட்டி விடுறாங்க. கிணத்துக்குள்ள கூப்பிட்டா குரல் திரும்பி வருமே, அது போல. அடியில பேஸ் கித்தார் ஒரே வரியைத் திருப்பித் திருப்பி வாசிக்க, மேல மத்ததெல்லாம் மிதக்குது. சைக்கடெலிக், விண்வெளி ராக்குன்னெல்லாம் சொல்றது இந்த மாதிரி சங்கதியைத்தான். இவங்க தங்க பாணிக்கு "கிங்கிதெலியா"ன்னு சொந்தமா ஒரு பேரே வச்சிருக்காங்க.

ஆனா குரல் மட்டும் விண்வெளியில இல்லைங்க, மண்ணுல நிக்குது. தொண்டையை இழுத்து, ஒப்பாரிக்குப் பக்கத்துல போய்த் திரும்புற குரல். அது எங்கிருந்து வருதுன்னு தேடிக்கிட்டுப் போனதுல கிடைச்சதுதான் நான் சொல்ல வந்த தட்டு. 1975ல வந்தது. குழுவோட பேரு திரியானா, தட்டோட பேரு "எல் பாத்தியோ". பாத்தியோன்னா முற்றம்.

திரியானாங்கிறது செவியா நகரத்துல குவாதல்கிவீர் ஆத்துக்கு அக்கரையில இருக்கிற பேட்டை. மண்பாண்டம், ஓடு வேலைக்குப் பேர் போனது. ஜிப்சி ஜனங்களும் ஃபிளமெங்கோ பாட்டும் தலைமுறை தலைமுறையா இருந்த இடம். அங்க "கொர்ரால்"னு கூட்டு வீடுங்க உண்டு. நடுவுல ஒரு முற்றம், சுத்திலும் ஒத்தை ஒத்தை அறையில ஒவ்வொரு குடும்பம். தண்ணி, துணி துவைக்கிறது, சமையல், சண்டை, கல்யாணம் எல்லாத்துக்கும் அந்த ஒரே முற்றம். பாட்டும் அங்கதான் வளந்திருக்கு.

1950கள், 60கள்ல அந்த வீடுங்க பலது இடிஞ்சும் இடிபட்டும் போச்சு. இடத்துக்கு விலை ஏறிருச்சு. குடியிருந்தவங்களை, அதுலயும் ஜிப்சிக் குடும்பங்களை, ஊர்க் கோடியில அடுக்குமாடிக்கு அனுப்பிட்டாங்க. பக்கத்துப் பக்கத்துல இருந்தவங்க ஆளுக்கொரு திசையாயிட்டாங்க.

இதெல்லாம் நடந்த பிறகு வந்த தட்டுங்க இது. ஹெசூஸ் தெ லா ரோசா பாட்டும் கீபோர்டும், எதுவார்தோ ரொத்ரீகெஸ் கித்தாரும் பாட்டும், "தேலே"ன்னு கூப்பிடுற ஹுவான் ஹொசே பலாசியோஸ் டிரம்ஸும். மூணு பேர், 7 பாட்டு. முதல் பாட்டு மட்டும் 10 நிமிசத்துக்குக் கொஞ்சம் கம்மி. தலைப்புக்கு அர்த்தம் "கதவைத் திற". ஃபிராங்கோவோட சர்வாதிகாரம் நடந்துக்கிட்டிருந்த வருசம் அது. அந்த ஆள் செத்தது 1975 நவம்பர் 20. தணிக்கை இருந்த காலத்துல அப்படி ஒரு தலைப்பைக் கேட்டவங்க சும்மா காதல் பாட்டுன்னு மட்டுமா நினைச்சிருப்பாங்க?

பூட்டிக் கிடந்த நாட்டுக்குள்ள ராக் எப்படி நுழைஞ்சதுங்கிறதும் சுவாரசியம். செவியா பக்கத்துல மொரோன்ல அமெரிக்க விமானதளம், கடலோரம் ரோத்தாவுல கப்பல்தளம். அந்தச் சிப்பாய்ங்க கொண்டுவந்த தட்டும் வானொலியும் ஊர்ப் பசங்க காதுக்கு எட்டிருச்சு. அவங்க அதை அப்படியே காப்பியடிக்காம ஃபிளமெங்கோவோட கலந்தாங்க. புலேரியான்னு ஒரு தாளம், 12 எண்ணிக்கை. மூணு மூணு, ரெண்டு ரெண்டு ரெண்டுன்னு தட்டிப் பாருங்க, கை நொண்டும். இந்தத் தட்டுல புலேரியாவும் இருக்கு, மேல ஆர்கன் மழை மேகம் மாதிரி கவிஞ்சுக்கிட்டும் இருக்கு. வந்த புதுசுல பெருசா விக்கலை. கேட்டவங்க சொல்லிச் சொல்லித்தான் பரவியிருக்கு.

1983 ஆகஸ்ட்ல வடக்கே பாஸ்க் பகுதியில பெரிய வெள்ளம். பாதிக்கப்பட்டவங்களுக்காக சான் செபாஸ்தியான்ல நடந்த நிகழ்ச்சியில திரியானா பாடினாங்க. முடிச்சுட்டுத் திரும்பி வர்றப்ப அக்டோபர் 14ந் தேதி புர்கோஸ் பக்கம் கார் விபத்து. ஹெசூஸ் போயிட்டார். வயசு 35.

இதையெல்லாம் அண்ணன் பையன்கிட்ட போன்ல சொன்னேன். அவன் ஒரு கேள்வி கேட்டான். "அப்ப இந்தப் புதுப் பசங்க பழசைத்தானே திருப்பி வாசிக்கிறாங்க சித்தப்பா? இதுல என்ன இருக்கு?" நான் சொன்னேன்: விதைக்கு எடுத்து வைக்கிற நெல்லும் பழசுதான் சாமி. ஆனா இந்த வருசத் தண்ணியில, இந்த வருச வெயில்லதான் முளைக்கணும். முளைச்சா அது புதுப் பயிர்தான். அந்தப் பசங்களுக்குத் திரியானா விதை. மச்சுல மூட்டை கட்டி வச்சு "எங்க தாத்தா நெல்லு"ன்னு பெருமை பேசறதுதான் வீண்.

அவன் விடலை. "அப்ப நம்ம வீடு?"ன்னான்.

அங்கதான் நான் மாட்டிக்கிட்டேன். எங்களுது தொட்டிக்கட்டு வீடு. நாலு பங்கு. ரெண்டு பங்காளி டவுனுக்குப் போயிட்டாங்க. வடக்குத் தாழ்வாரத்துல ஓடு சரிஞ்சு மழைத்தண்ணி இறங்குது. இடிச்சு நாலு மனையாப் பிரிச்சுக்கலாம்னு ஆறு மாசமாப் பேச்சு. பெரியண்ணன் சரின்னுட்டார். நான் இன்னும் வாயைத் திறக்கலை. ஒரு பக்கம் அவர் சொல்றதும் நியாயம்தான். ஓடு மாத்த ஆள் இல்லை, மரம் செல்லரிக்குது, செலவை யார் ஏத்துக்கறது? மறுபக்கம், எங்கம்மா மஞ்சள் பரப்பினது, தங்கச்சி கல்யாணத்துக்குப் பந்தி போட்டது, அப்பாவைக் கிடத்தினது எல்லாம் அந்த வாசல்லதான்.

திரியானாவுல முற்றம் போன பிறகும் பாட்டு நின்னுச்சு. 44 வருசம் கழிச்சு அதே ஊர்ப் பசங்க எடுத்துப் பாடுறாங்க. அதை நினைச்சா ஆறுதல்தான். ஆனா அடுக்குமாடிக்குப் போன அந்தக் கிழவிக்குச் சாயங்காலம் உக்கார ஒரு இடம் கிடைச்சதான்னு எந்தத் தட்டும் சொல்லாது. பாட்டு இருக்கறதும் முற்றம் இருக்கறதும் ஒண்ணு இல்லைங்க.

பையனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "நாலு மனையாப் பிரிக்கட்டும், கையெழுத்துப் போடறேன். ஆனா நடு வாசலைப் பொதுவுல விடணும். குறுக்கே சுவர் வரக்கூடாது." ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "அப்பாகிட்ட நான் சொல்றேன் சித்தப்பா"ன்னான். ஆடி கழிச்சு எல்லாரும் உக்காந்து பேசறதா இருக்கோம். என்னாகுதுன்னு எழுதறேன்.

தட்டைக் கேக்கறவங்க முதல் பாட்டை ராத்திரியில, அவசரமில்லாம கேளுங்க. பாசை புரியலைன்னு நிறுத்திராதீங்க. அடுத்த வாரம் மஞ்சள் விலையோட வர்றேன்.