குருளைகளின் குளிர்காலம்

தமிழில் முயல் என்ற ஒரே சொல்லால் நாம் இருவேறு விலங்குகளைச் சுட்டி வருகிறோம். வள்ளுவர் அம்பெய்து வீழ்த்தப்படுவதாகச் சொல்லும் காட்டு விலங்கு ஒன்று. நம் கொல்லைக் கூண்டில் இருந்துகொண்டு முள்ளங்கி இலை தின்னும் வெள்ளை விலங்கு மற்றொன்று. முன்னது இம்மண்ணுக்கு உரியது. புல் மறைவில் வெறுந்தரையில் ஈனும். அதன் குட்டி உடல் முழுதும் உரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். பின்னதன் மூதாதையர் ஐபீரியத் தீபகற்பத்தில் மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்ந்தவர்கள். அதன் குட்டி உரோமமின்றி, கண் திறவாமல், செவி கேளாமல், இளஞ்சிவப்பான ஒரு தசைத் துணுக்காகவே உலகுக்கு வருகிறது.

மரபியலில் இளமைப் பெயர்களை வகுக்கும் தொல்காப்பியம் நாய், பன்றி, புலி ஆகியவற்றோடு முயலின் குட்டிக்கும் குருளை என்ற பெயரைத் தருகிறது. நாய்க்குட்டியும் புலிக்குட்டியும் கண் மூடிப் பிறப்பவை. அந்த வரிசையில், தொல்காப்பியர் கண்டிராத கூண்டு முயல்தான், அவர் கண்டிருக்கக்கூடிய காட்டு முயலைவிட நன்றாகப் பொருந்துகிறது. வகுப்பில் இதைச் சொன்னபோது, "அப்போ அவரு தீர்க்கதரிசியா?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. இல்லை, தற்செயல்தான். ஆனால் குருளை என்ற சொல் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது.

கொடைக்கானலில் நாங்கள் குடியேறி 14 ஆண்டுகள் ஆகின்றன. சுற்றுலா வருவோர் அறிந்த கொடைக்கானல் ஏரியும் பூங்காவும் கொண்டது. திசம்பரிலும் சனவரியிலும் விடியற்காலையில் புல்வெளி முழுவதும் உப்புத் தூவியதுபோல் உறைபனி படிந்திருக்கும் கொடைக்கானலை இங்கேயே வாழ்வோர்தான் அறிவர். அந்தக் குளிரில் எங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் முயல்கள் ஈன்றன. இங்கிருந்து மேற்கே மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் 1965 முதல் இயங்கி வருகிறது. முயல் வளர்ப்பு இம்மலைக்காரர்களுக்குப் பழகிப்போனதில் அதற்குப் பங்குண்டு. வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா என்னும் இனப்பெயர்களைப் பூண்டு வயலில் வேலை செய்யும் பெண்களும் சரளமாகச் சொல்வார்கள்.

எங்களுக்கு முயல் தந்தவர் பூம்பாறைப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் தெருவில் வாழும் ஓர் அக்கா. கணவர் இல்லை. முயல் விற்ற பணத்தில்தான் மகளைக் கல்லூரியில் படிக்க வைக்கிறார். ஆகவே ஒரு குட்டி சாவது அவருக்கு இரக்கத்தின் கணக்கு மட்டுமன்று, கட்டணத்தின் கணக்கும்தான். எங்களுக்கோ கணக்கு வேறு. எங்கள் மகன் 2011இல் எட்டாம் மாதத்தில் ஒன்றரைக் கிலோ எடையில் பிறந்தவன். மருத்துவமனையில் அவனை எங்கள் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டி, மேலே கம்பளி போர்த்தி, மணிக்கணக்கில் சாய்ந்து இருக்கச் செய்தார்கள். அன்னையும் தந்தையும் முறை மாற்றி அப்படியே 11 நாள். கொலம்பியாவின் போகோட்டா நகரில் 1978இல், கருவிகள் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கிய முறை அது என்று பின்னர்ப் படித்தோம். முயல் வேண்டும் என்று அடம்பிடித்தவனும் அவனே.

2022 சனவரியில் எங்கள் பெண்முயல் முதன்முறையாக ஈன்றது. முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். ஈனுமுன் அது தன் வயிற்று உரோமத்தைத் தானே பிடுங்கிக் கூடு அமைக்க வேண்டும். தலைச்சன் முயல்கள் சில இதைச் செய்வதில்லை. பெட்டியை விட்டுக் கூண்டின் கம்பித்தளத்திலேயே ஈன்றுவிடும். எங்களுடையதும் அதையே செய்தது. விடியற்காலை ஐந்து மணிக்குப் பார்த்தபோது ஏழு குருளைகள் கம்பிமேல் சிதறிக் கிடந்தன. இரண்டு முன்பே இறந்திருந்தன. நான்கு மெல்ல நெளிந்தன. ஏழாவது நீலம் பாரித்து விறைத்துக் கிடந்தது.

அதை இறந்தவற்றோடு சேர்த்து வைக்கப் போன எங்களைத் தடுத்தவர் அந்த அக்காதான். "செத்துப்போச்சுன்னு முடிவு கட்டாதீங்க டீச்சரம்மா. சூடு காட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார். குளிர்ந்துபோன குருளையின் இதயத்துடிப்பும் மூச்சும் கண்ணுக்குப் புலப்படாத அளவு தாழ்ந்துவிடும். வெப்பம் ஏறிய பின்னும் அசைவில்லை என்றால்தான் இறப்பு உறுதி. மகன் அதை உள்ளங்கையில் பொத்திச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டான். யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. அரைமணி நேரம் கழித்து, "கால் அசையுது" என்றான். எங்களுள் ஒருவர் சமையலறைக்குப் போய்விட்டோம். காரணத்தை எழுத வேண்டியதில்லை.

குளிர்ந்த குட்டிக்கு முதலில் வெப்பம், பிறகே பால். உடல் சில்லென்று இருக்கும்போது பால் புகட்டினால் அது செரிக்காது, புரையேறவும் கூடும். இந்த வரிசையை மாற்றக்கூடாது. ஐம்பது கிராம் எடையுள்ள அவ்வுயிருக்குப் பிறவியிலேயே பழுப்புக் கொழுப்பு என்னும் ஒரு சிறு விறகுக் கட்டு கிடைத்திருக்கிறது. அதை எரித்துத்தான் அது வெப்பம் காக்கிறது. தனித்துக் கிடந்தால் விறகு விரைவில் தீர்ந்துவிடும். உடன்பிறந்தாரோடு ஒட்டிக் கிடந்தால் நெடுநேரம் தாங்கும். வயிறு நிரம்பியிருந்தால் இன்னும் நல்லது.

தாய் முயலைப் பற்றி இங்கே ஒரு பழி தீர்க்க வேண்டியிருக்கிறது. பார்ப்பவர் எல்லோரும், "என்ன தாய் இது, குட்டி பக்கமே போகமாட்டேங்குதே" என்கிறார்கள். முயல் குட்டிகளின்மேல் அடைகாப்பதில்லை. கூட்டைவிட்டு வெளியே விழுந்த குட்டியைக் கவ்விக் கொண்டுவந்து சேர்ப்பதுமில்லை. நாளுக்கு ஒருமுறை வந்து மூன்று நான்கு நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். வளையில் வாழும் முயல் அந்த வாயிலையும் மண்ணால் மூடிவிட்டுத்தான் போகும். தன் மணத்தைப் பின்தொடர்ந்து வேட்டை விலங்கு வராதிருக்க, விலகியிருப்பதே அதன் காவல். அந்தச் சில நிமிடங்களில் குருளை தன் எடையில் கால் பங்கு வரை குடித்துவிடும். இருளில் கண்ணில்லாமல் காம்பை எப்படிக் கண்டடைகிறது என்பதற்குப் பாலில் உள்ள ஒரு மணப்பொருளே வழிகாட்டி என்று பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2003இல் காட்டினார்கள். தாய் இல்லாத மற்ற நேரமெல்லாம் தாயாக இருப்பது அந்தப் பிடுங்கிய உரோமமே.

இந்த ஒருவேளைப் பால்தான் குளிர்நாட்டு வளர்ப்போருக்குக் கைகொடுக்கிறது. இரவில் பெட்டியை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவந்து, காலையில் தாயிடம் திருப்பி வைத்துவிட்டால் போதும், அது கவலைப்படுவதில்லை. எங்கள் பெட்டி ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலமுள்ள பழைய ஆப்பிள் பெட்டி. அடியில் இழைப்புச் சுருள், அதன்மேல் உலர்ந்த புல், நடுவில் கையால் குழித்த பள்ளம், அதில் உரோமம். எங்கள் முயல் பிடுங்காததால் அக்கா தம் முயல்களிடம் சேர்த்துத் துணிப்பையில் வைத்திருந்த உரோமத்தைக் கொடுத்தார். மருந்துக்கடைப் பஞ்சு வேண்டாம் என்றார்: அதன் இழை காலில் சுற்றி இறுகிவிடும். மின்விளக்கு வைப்போர் உண்டு. பெட்டியின் ஒரு கோடியில் மட்டும் வைத்தால், சூடு மிஞ்சும்போது குருளைகள் மறுகோடிக்கு நகர்ந்துகொள்ளும். எங்கள் மலையில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாததால், துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியையே நம்பினோம். மூன்று மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஈரம் குளிரைவிடப் பொல்லாதது.

காற்றுக்கு அஞ்சிக் கூண்டை முழுவதும் சாக்கால் மூடுவதும் கூடாது. சிறுநீரின் நெடி உள்ளேயே தேங்கி நெஞ்சைக் கெடுக்கும். காற்று வீசும் பக்கம் மட்டும் சாக்கு, மேலே திறப்பு. காலையில் ஒவ்வொரு குருளையின் வயிற்றையும் பார்ப்போம். பால் குடித்ததன் வயிறு பந்துபோல் இருக்கும். மெல்லிய தோலின் ஊடே வெண்மை தெரியும். சுருங்கிய வயிறு கண்டால் தாயை மடியில் பிடித்து அந்தக் குட்டியைத் தனியே ஊட்ட வைப்போம். கையின் மணம் பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது மிகையான அச்சம். வளர்ப்பவர் கையை அது அறியும்.

மூன்றாம் நாள் ஒன்று இறந்தது. ஏனென்று தெரியவில்லை, வயிறு நிறைந்துதான் இருந்தது. மற்ற நான்கும், சட்டைக்குள் மீண்டதும் அவற்றுள் ஒன்று, பதினோராம் நாள் கண் திறந்தன. பதினாறாம் நாள் பெட்டியைவிட்டுத் தாமே ஏறி வெளியே வந்தன.

நண்பர்கள் கேட்பதுண்டு: ஏறத்தாழ 12 வாரத்தில் இரண்டு கிலோ ஆனதும் கறிக்குப் போகும் உயிரை இரவெல்லாம் விழித்துக் காப்பதன் பொருள் என்ன? எங்களுடையவை போகவில்லை, அக்காவுடையவை போகின்றன. அவரிடமே இதைக் கேட்டோம். "விக்கிற வரைக்கும் நம்ம புள்ளதானே டீச்சரம்மா. குளுருல சாவ விட்டா அது பாவம்" என்றார். புலால் மறுத்தலை ஆண்டுதோறும் நடத்தும் எங்களுக்கு அவர் நெறி முழுவதும் உடன்பாடு என்று சொல்ல மாட்டோம். ஆனால் அவ்விரவுகளில் எங்களைவிட இருமுறை அதிகம் எழுந்து பெட்டிகளைப் பார்த்தவர் அவர்தான்.

இப்போது எங்கள் வீட்டிலும் ஒரு துணிப்பை தொங்குகிறது. உரோமம் உதிரும் காலத்தில் மகன் சேர்த்தது. சென்ற திசம்பரில் அக்கா வந்து, இரண்டு முயல் ஒரே நாளில் ஈனப் போகிறது, கொஞ்சம் தர முடியுமா என்று கேட்டார். பையோடு கொடுத்தனுப்பினோம்.