கூடார வண்டில்

கூடாரம் என்னுஞ் சொல் கல்முனைப் பிரதேச முஸ்லிம்களின் வாழ்விலே இருவேறு காலங்களில் இருவேறு பொருள்களைச் சுமந்து நின்றது. முன்னையது வேளாண்மையோடு வந்தது; பின்னையது கடலோடு வந்தது. இரண்டையும் ஒரே ஆயுளில் அனுபவித்தோர் அங்குப் பலர் உளர். கல்முனைக்குடியைச் சேர்ந்த ஓர் உம்மாவும் அவர்களுள் ஒருவர்.

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை முதலாய ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடையிலே ஒடுங்கிக் கிடப்பவை. வளவோடு வளவு ஒட்டி நிற்கும். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் மூன்று வீட்டுக்கு மணக்கும். அப்பகுதியின் வழமைப்படி வீடு பெண்ணுக்கு உரியது. மணமுடித்தவன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். குடி என்னும் வம்ச உரிமையும் தாய்வழியே இறங்கும். ஆதலின் ஓர் உம்மாவுக்கு வீடு என்பது அவளுடைய தாய் அவள் கையிலே வைத்துச் சென்ற பொருள். வயலோ மேற்கே, தொலைவில் இருந்தது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டு, இங்கினியாகலையில் அணை எழுந்து, சேனாநாயக்க சமுத்திரத்து நீர் வாய்க்கால்களில் இறங்கியபோது, பெரும்போகத்தோடு சிறுபோகமும் நம்பிக்கைக்குரியதாயிற்று. புதிய வட்டைகளும் குடியேற்றங்களும் தோன்றின. கிட்டங்கிக்கு அப்பால் மத்தியமுகாம் என ஓர் ஊரே உண்டு. முகாம் என்று பெயர் பூண்ட ஊரிலே மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருவது சற்று வேடிக்கையானதே.

இருப்பிடம் கரையிலும் பிழைப்பு உள்நாட்டிலும் அமைந்த இந்த ஏற்பாடுதான் கூடார வண்டிலுக்குத் தேவையை உண்டாக்கிற்று. மேல்நாட்டவர் மோட்டார் வண்டியின் பின்னே கொளுவி இழுத்துச் செல்லும் மடிப்புக் கூடாரத்தைப் படங்களிற் கண்டு வியக்கும் மாணவர், தம் பாட்டனார் வீட்டு முற்றத்தில் நின்றதும் ஏறக்குறைய அதுவே என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. சாதாரண மாட்டு வண்டிலின் பாரில், வளைத்த கம்புகளைப் பொருத்தி, அவற்றின்மேல் கிடுகும் பாயும் வேய்ந்தால் கூடாரம் ஆயிற்று. நெல்மூட்டை ஏற்றும் நாளில் இருவர் பிடித்து அப்படியே தூக்கிக் கீழே வைத்து விடலாம். குடும்பம் போகும் நாளில் மீண்டும் ஏற்றிக் கட்டலாம். ஆணி ஒன்றும் வேண்டியதில்லை, எல்லாம் கயிறுதான்.

அந்த உம்மாவின் வீட்டில் 1960களில் இருந்த வண்டில் ஏற்கெனவே பழையது. சில்லுகள் இரண்டும் ஒரே அளவினவாய் இருந்த காலம் எவருக்கும் நினைவில்லை. சிறுபோக அறுவடையும் பாடசாலை விடுமுறையும் ஓகஸ்ட் மாதத்திலே ஒன்று கூடும். இஷாத் தொழுகை முடிந்த பின், வெயிலுக்குத் தப்பி, வண்டில் புறப்படும். உள்ளே பன்பாய் விரித்து நான்கு பிள்ளைகள்; அவர்களுக்கு நடுவே அரிசி மூட்டை, தேங்காய், கருவாடு, மாசி, மண்ணெண்ணெய்ப் போத்தல். வாப்பா முன்னே இருந்து எருதுகளை ஓட்டுவார். அடியில் தொங்கும் அரிக்கன் இலாம்பின் ஒளியில் சில்லின் நிழல் வீதியோர வேலிகளிலே சுழன்று செல்லும். மாரியில் வெள்ளம் மேவி வழியை மறிக்கும் கிட்டங்கித் தாம்போதி அக்காலத்தில் காலை நனைக்கும் அளவினதே. அதைக் கடக்கும்வரை விழித்திருப்போம் என்று சபதஞ் செய்யும் பிள்ளைகள் அதற்கு முன்னரே உறங்கிப் போவார்கள்.

வயலோரத்து வாடி ஆண்களுக்கு மட்டுமே போதும். ஆகவே கூடாரத்தைப் பாரிலிருந்து இறக்கி மேட்டு நிலத்தில் வைத்து, உம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் இருப்பிடம் ஆக்குவர். இறக்கியதும் உம்மா செய்யும் முதல் வேலை அடுப்பு மூட்டுவதன்று. மண்வெட்டியை எடுத்து, கூடாரத்தைச் சுற்றி ஒரு சாண் ஆழத்தில் ஓடை வெட்டி, பள்ளப் பக்கமாக அதற்கு வாயும் வைப்பார். ஓகஸ்ட் மாலைகளில் எப்போதாவது இடியோடு ஒரு மழை வரும். பகலெல்லாம் கச்சான் காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருக்கையில் ஓடை எதற்கு என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ஊரிலே வேலிக்குள் வாழ்ந்த அப்பெண்மணி அங்கே வரம்புகளின் மேல் நடந்தார், வாய்க்காலில் குளித்தார், இரவில் வான் பார்த்தார். கூலிக்காரருக்குச் சமைக்கும் பாடு சிறிதன்று. எனினும் ஆண்டில் அந்த 15 நாள்களுக்காக அவர் காத்திருந்தார் என்பதைப் பிள்ளைகள் வெகுகாலம் கழித்தே உணர்ந்தனர். வயலைப் பார்த்த முல்லைக்காரர் நாவிதன்வெளிப் பக்கத்துத் தமிழர். அவர் வாப்பாவைப் போடியார் என்பார். உம்மா அவரை அண்ணன் என்பார். பிள்ளைகளுக்கு அவர் மாமா. யானைக்கும் பன்றிக்கும் காவலிருக்கும் பரணில் ஏறிச் செல்லப் பிள்ளைகள் போடும் சண்டையைத் தீர்ப்பது அவர் பொறுப்பு. களவெட்டியில் எருதுகள் சூடு மிதிக்கும் இரவுகளில் எவரும் அதிகம் பேச மாட்டார். களத்திலே சில பொருள்களைப் பெயர் சுட்டிச் சொல்வதும் கூடாது. பொலி குறைந்துவிடும் என்பது நம்பிக்கை. அதில் இரு சமூகத்தாரும் ஒரே கட்சி.

ஓராண்டு பொலி தூற்றி முடியுந் தறுவாயில் மேற்கே வானம் கறுத்தது. சாக்கில் அள்ளுவதற்கு நேரமில்லை. நெல்லை மூட இருந்தது அந்தக் கூடாரம் ஒன்றே; அதனுள்ளே காய்ச்சலோடு கடைசிப் பிள்ளை. வாப்பா கூடாரத்தடியில் வந்து நின்றாரேயன்றி வாய் திறந்து கேட்கவில்லை. உம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

“நெல்ல மூடுங்க. நெல்லு நனஞ்சா ஒரு வருசம் போயிரும். புள்ளைகள் நனஞ்சா விடிஞ்சாக் காஞ்சிரும்.”

ஆண்கள் கூடாரத்தைத் தூக்கிப் பொலியின்மேல் கவிழ்த்தனர். வண்டிற் பாரின் கீழே, இரண்டு சில்லுகளுக்கும் இடையில், பிள்ளைகளை அணைத்தபடி உம்மா அவ்விரவைக் கழித்தார். “ஊட்டுக்கு எப்ப உம்மா போற?” என்று காய்ச்சற் பிள்ளை முனகினான். “சூடு முடியட்டும் மகன்” என்றார். இரண்டு நாளில் முடிந்தது, போனார்கள்.

பின்னர் உழவு இயந்திரம் வந்தது. சூடு மிதிக்க எருது வேண்டாதாயிற்று, வண்டில் விற்கப்பட்டது, வாங்கியவனுக்குக் கூடாரம் தேவைப்படாமையால் அது கோழிக்கூட்டுக்குக் கூரையாகிச் சிலகாலம் கிடந்து உக்கிற்று. 1985 ஏப்ரலில் காரைதீவுப் பகுதியில் தொடங்கிய தமிழ்–முஸ்லிம் கலவரமும், 1990இன் படுகொலைகளும் வயலுக்குச் செல்லும் பாதையை அச்சத்தின் பாதையாக்கின. அறுவடைக்குப் போவோரும் பொழுது சாயுமுன் திரும்பினர். முல்லைக்காரரைப் பற்றிய செய்தி ஒன்றும் வரவில்லை. அவரைப் பற்றிக் கேட்பதற்கும் அக்காலத்தில் துணிவு வேண்டியிருந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின் அலைகள் காலையில் கல்முனைக் கரையை அடைந்தன. இலங்கையில் மிகக்கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்திலேயே நேர்ந்தது. அங்கு மாத்திரம் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். கரையோரத்து வீடுகள் அத்திவாரம் தெரியக் கழுவப்பட்டன. உம்மா அப்போது விதவை. வழமைப்படி மகளுக்குச் சீதனமாய் எழுதிக் கொடுத்த தம் வீட்டிலே மகளோடு வாழ்ந்தவர். வீடு போயிற்று, பேரப்பிள்ளைகளுள் ஒருத்தியும் போனாள்.

எஞ்சியோருக்கு ஒரு கூடாரம் கிடைத்தது. வெளிநாட்டுத் துணி, இரும்புக் கம்பு, நைலோன் கயிறு. நண்பகலில் அதனுள் இருத்தல் இயலாது. சனவரியின் முதல் நாள்களிலேயே அம்பாறையில் கடும்மழை பெய்து முகாம்களிலே வெள்ளம் நின்றது. அதற்கு முந்திய மாலையில் உம்மா யாரிடமோ மண்வெட்டி ஒன்றை இரந்து வாங்கி வந்து, கூடாரத்தைச் சுற்றி ஒரு சாண் ஆழத்தில் ஓடை வெட்டினார். எழுபதை எட்டிய கைகள். ஆயினும் வாய் வைக்க வேண்டிய பள்ளப் பக்கம் பிழைக்கவில்லை. பக்கத்துக் கூடாரத்துப் பெண்கள் பார்த்து நின்றனர்; பிறகு அவர்களும் வெட்டினர். பேரன் கேட்டான்: “ஊட்டுக்கு எப்ப உம்மம்மா போற?” உம்மா மண்ணை அணைத்துக்கொண்டே இருந்தார்.

கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டலாகாது என வடக்கு, கிழக்குக் கரைகளுக்கு அரசு விதித்தது. அவ்வெல்லை பின்னர் தளர்த்தப்பட்டமை வேறு கதை. கல்முனை போன்ற ஒடுங்கிய ஊரிலே 200 மீட்டர் என்பது ஒரு கிராமமே. உம்மாவின் வளவு அதற்குள் அடங்கிற்று. மாற்று வீட்டுக்கான பதிவுகள் நடந்தபோது அதிகாரி ஒருவர் கூடாரத்து வாயிலில் நின்று குடும்பத் தலைவரின் பெயரைக் கேட்டார். படிவத்தில் அதற்கு ஒரே நிரல். மகள் தன் பெயரைச் சொன்னாள். அவர் அவளுடைய கணவனின் பெயரை எழுதினார். அக்கரையோரத்தில் எத்தனையோ தாய்வழி வீடுகள் அவ்வாறே ஆண் பெயருக்கு மாறின. எழுதியவர்கள் தீங்கெண்ணி எழுதினர் என்று சொல்வதற்கில்லை. அவர்களது படிவம் வேறோர் ஊரின் வழமையை அறிந்திருந்தது.

“அந்த வளவு என்ட உம்மா எனக்குத் தந்த, நான் இவளுக்குக் குடுத்த” என்றார் உம்மா உள்ளிருந்து. அதிகாரி மரியாதையாகத் தலையசைத்து அடுத்த கூடாரத்துக்குச் சென்றார். மகளின் கணவன் தலை கவிழ்ந்து நின்றான். மேற்கே மீண்டும் கறுத்திருந்தது. உம்மா வெளியே வந்து, காலடியில் சரிந்து ஓடையைத் தூர்த்திருந்த மண்ணைக் கையால் அள்ளி அப்புறப்படுத்தினார்.