படத்துக்குப் பின்னால் எழுதியது

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தில்லியில் என் வீட்டுக்கு ஒரு போன். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் பேசினார்.

"அம்மா, எங்க ஊர் அம்மன் உற்சவர் காணாமப் போயிட்டா. போலீஸ்ல போட்டோ கேக்கறாங்க. ரொம்ப வருஷம் முன்னால ஒருத்தர் வந்து படம் எடுத்துட்டுப் போனார். அதெல்லாம் தில்லியில இருக்காம். நீங்கதான் அதுக்கெல்லாம் விவரம் எழுதினீங்கன்னு சொன்னாங்க."

எழுதியது நான்தான். கோயில் கோயிலாகச் சுற்றிய ஒரு ரயில்வே அதிகாரி எடுத்த சுமார் மூவாயிரம் கறுப்பு வெள்ளைப் படங்கள் இங்குள்ள ஒரு நிறுவனத்துக்கு வந்திருந்தன. ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் பென்சிலில், பொடி எழுத்தில், தமிழில் குறிப்பு. ஊர், தேதி, சாமியின் பெயர், சில சமயம் அர்ச்சகர் சொன்ன கதை. அவர்கள் படத்தின் முன்பக்கத்தை ஸ்கேன் செய்தார்கள். பின்பக்கத்தை நான் இங்கிலீஷில் மொழிபெயர்த்து எக்செல் பட்டியலில் ஏற்றினேன். நான்கு மாத வேலை. முடிந்ததும் அசல் படங்கள் குடும்பத்திடம் திரும்பின. அடுத்த மழைக்காலத்தில் ஒழுகும் பரணில் அவை ஒட்டிக் கூழாகிவிட்டன என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பெரியவர் சொன்ன ஊரின் குறிப்பு எனக்கு நன்றாக நினைவிருந்தது. பங்குனித் திருவிழாவுக்கு முதல் நாள், அலங்காரத்துக்கு முன், குருக்கள் ஐந்து நிமிடம் மட்டும் அனுமதித்தபோது எடுத்த படம். போலீசுக்கு வேண்டியது அதுதான். பட்டும் மாலையும் இல்லாத சிலை.

மறுநாளே அந்த நிறுவனத்துக்குப் போனேன். படங்கள் இருந்தன. பட்டியலும் இருந்தது. இரண்டுக்கும்தான் உறவு இல்லை. புது ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றும்போது யாரோ படங்களுக்குப் புது எண் போட்டிருக்கிறார்கள். இன்னொருவர் பட்டியலில் ஊர்ப் பெயர் இருந்த பத்தியை மட்டும் அகர வரிசையில் அடுக்கிச் சேமித்துவிட்டார். சிதம்பரம் கோபுரத்துக்கு நேரே திருவாரூர்த் தேரின் விவரம் நின்றது. தப்பு செய்தவர்களைக் கேட்கலாம் என்றால், அவர்கள் வேலையை விட்டுப் போய் வருடக்கணக்காகிவிட்டது.

அலங்காரம் இல்லாத அம்மன் படங்கள் 23 இருந்தன. எல்லாவற்றையும் பெரியவருக்கு அனுப்பினேன். நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டார். "நாங்க அவளைப் புடவை இல்லாமப் பாத்ததே இல்லியேம்மா. பாத்த குருக்களும் போய்ச் சேர்ந்துட்டார். இதுல எவ எங்க ஊர்க்காரின்னு எப்படிச் சொல்றது?"

பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொல் என்னிடம் இருந்தது. படமும் இருந்தது. எந்தச் சொல் எந்தப் படத்துக்கு என்பதுதான் போய்விட்டது.

ஒரு படம் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. அந்தச் சிலை கோயிலில் இருந்தபோது எடுத்த படம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்தது. 1956-லிருந்து சேர்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களில் ஒன்று. 2014-ல் நடராஜர் இந்தியா திரும்பினார். சிலையின் படம் இருந்ததோடு, அது எந்த ஊர்க் கோயில் என்ற குறிப்பும் கூடவே இருந்தது. குறிப்பு இல்லாவிட்டால் அது இன்னொரு நடராஜர் படம், அவ்வளவுதான்.

இதில் எனக்கு வெட்கம் தருவது ஒன்று உண்டு. நான் பத்திரிகைக்காரி. செய்தி நிறுவனங்கள் இந்த வித்தையை எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டன. அந்தக் காலத்தில் டைப் அடித்த துண்டுச் சீட்டைப் படத்தின் பின்னால் ஒட்டி அனுப்புவார்கள். படங்கள் கம்ப்யூட்டருக்கு மாறியபோது, 1990களில், அந்தச் சீட்டையும் ஃபைலுக்குள்ளேயே வைக்க வழி செய்தார்கள். எடுத்தவர், இடம், தேதி, விவரம் என்று தனித்தனிக் கட்டங்கள். ஐ.பி.டி.சி. என்பது அதன் பெயர். கேமரா தானாக எழுதும் தேதி, லென்ஸ் போன்றவை எக்ஸிஃப். 2001-ல் எக்ஸ்.எம்.பி. என்ற ஏற்பாடு வந்தது. இது யூனிகோடில் இயங்குவதால் தமிழிலேயே எழுதலாம். இங்கிலீஷ் வழியாகப் போக வேண்டிய அவசியமே இல்லை. ஃபைலுக்கு ஆயிரம் பெயர் மாற்றினாலும் குறிப்பு உள்ளேயே இருக்கும். எழுத உதவும் எக்ஸிஃப்டூல் இலவசமாகவே கிடைக்கிறது. என் வேலையில் தினமும் பார்க்கும் இதைக் கோயில் படங்களுக்குச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தமிழ் எம்.ஏ. படித்தவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும். உ.வே. சாமிநாதையர் 1894-ல் பதிப்பித்த புறநானூற்றில் பாட்டுக்குக் கீழே திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்று ஒரு குறிப்பு இருக்கும். பாட்டைப் படியெடுத்தவர்கள் அதையும் சேர்த்தே படியெடுத்தார்கள். அதனால்தான் யார் யாரைப் பாடினார் என்பது நம் வரை வந்தது. பெயர் தொலைந்த இடங்களில் பாட்டில் வரும் சொற்களையே புலவருக்குப் பெயராகச் சூட்ட வேண்டியதாயிற்று. குறுந்தொகையின் செம்புலப்பெயனீரார் அப்படி வந்தவர். அவருடைய சொந்தப் பெயர் என்ன என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை.

ஃபைலுக்குள் எழுதிவிட்டால் எல்லாம் பத்திரம் என்று சொல்ல மாட்டேன். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளே இருக்கும் குறிப்பு உதிர்ந்துவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால் தப்பிக்கும். தனிப் பட்டியலும் இருக்கட்டும். ஆனால் பட்டியலை மட்டும் நம்பியதற்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும். ஸ்கேன் செய்பவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் ஒரு ஸ்கேன் எடுங்கள்.

போன மாதம் அந்த நிறுவனத்தில் உட்கார்ந்து, சம்பளம் கேட்காமல், 23 படங்களுக்குள்ளும் ஒரே வாக்கியத்தைத் தமிழில் எழுதி வைத்தேன். அந்த ஊரின் பெயரைச் சொல்லி, 'காணாமல் போன அம்மன் இந்த 23 படங்களில் ஒன்றில் இருக்கலாம்' என்று. பெரியவரிடம் போனில் படித்துக் காட்டினேன்.

"எழுதி வைங்கம்மா" என்றார். "எனக்கு அப்புறம் கேக்கறவங்களுக்காவது தெரியட்டும்."