பதினொரு இசைத்தட்டுகள்

இசைத்தட்டுச் சேகரிப்பு கனவான்களின் பொழுதுபோக்கு என்று எமது நண்பர்கள் சிலர் எள்ளுவதுண்டு. ஆசிரியச் சம்பளத்தில் வீட்டுச் செலவு போக எஞ்சுவது எவ்வளவு என்று அறிந்தோருக்கு அந்த எள்ளலில் உள்ள நியாயமும் புலப்படும். ஆயினும் நாம் இதை விட்டபாடில்லை. பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற காலத்தில் நாடக மேடைப் பாடல்களைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுந்தோம். அச்சில் கிடந்த பாட்டைக் காதாற் கேட்க வேண்டுமென்ற ஆவலில் அப்போது வாங்கிய ஒற்றைத் தட்டு இன்று நூற்று நாற்பதாகப் பெருகிவிட்டது. அண்மையில் அவற்றோடு சேர்ந்த பதினொரு தட்டுகளைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றோம்.

அவை எம் மாணவி ஒருத்தியின் வீட்டிலிருந்து வந்தவை. அவளுடைய பாட்டனார் 1960களில் வலிகாமத்தில் ஒலிபெருக்கிச் சேவை நடத்தியவர். கலியாண வீடு, திருவிழா, வாசிகசாலை ஆண்டு விழா, தேர்தற் கூட்டம் எதுவானாலும் குழாயும் பெட்டரியும் தட்டுப் பெட்டியுமாகச் சைக்கிளில் புறப்பட்டுவிடுவாராம். அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பெட்டியைத் திறந்து காட்டிய ஆச்சி, "உதுகள் சும்மா தூசி பிடிச்சுக் கிடக்குது, மாஸ்ரர். ஐயாயிரம் தந்தால் காணும்" என்றார்.

ஐயாயிரத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். அதே வாரம் கொழும்பு வியாபாரி ஒருவர் கிட்டப்பாவின் தட்டு ஒன்றுக்கு மாத்திரம் எம்மிடம் 7,000 ரூபா கேட்டிருந்தார் என்பதை நாம் மறந்திருக்கவில்லை. மறந்திருந்தால் இக்கட்டுரைக்கு இடமிருந்திராது.

தட்டுகளுக்கு வருவோம். ஒன்பது அரக்குத் தட்டுகள். நிமிடத்துக்கு 78 சுற்று, பக்கமொன்றுக்கு மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேற்பட்ட பாட்டு. மற்றிரண்டும் 45 சுற்று வினைல் தட்டுகள். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோர் வளர்த்தெடுத்த எமது நாட்டுத் தமிழ்ப் பொப்பிசையைச் சேர்ந்தவை. பண்டிதர்கள் முகஞ்சுளித்த அந்தப் பாட்டுகளைப் பஸ்வண்டிகளிலும் சலூன்களிலும் எமது மக்கள் பாடித் திரிந்தார்கள். அவற்றை இன்னொரு முறை விரிவாக ஆராயலாம்.

அரக்குத் தட்டுகளுள் கிட்டப்பாவினது ஒன்று, சுந்தராம்பாளினது மூன்று. 1920களில் நாடகமாட வந்தவிடத்தில் அவ்விருவரும் சந்தித்தது எமது கொழும்பு நகரத்திலே. 1933 இல் கிட்டப்பா மறைந்தபோது அவருக்கு இருபத்தெட்டு வயது நிரம்பியிருக்கவில்லை. அந்தத் தட்டில் நடுவிலிருந்து விளிம்பு வரை மயிரிழையாக ஒரு வெடிப்பு ஓடுகின்றது. ஒவ்வொரு சுற்றிலும் ஊசி அதன்மேல் ஏறி 'டிக்' என்கின்றது. அந்த ஓசைக்கு இப்போது எமது காது பழகிவிட்டது.

எம்மை வியப்பிலாழ்த்தியவை வேறு மூன்று தட்டுகள். இரண்டு ருக்மணி தேவியினுடையவை. ஒன்று மொகிதீன் பேக்கினுடையது. டெய்சி ராசம்மா டேனியல்ஸ் என்ற பெயருடன் 1923 இல் றம்பொடையிற் பிறந்தவரே சிங்களத் திரையின் முதற் கதாநாயகி ருக்மணி தேவி. 1947 இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொறொந்துவ'வைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். இயக்கியவர் ஜோதிஷ் சிங்ஹா என்னும் வங்காளி. படம் பிடிக்கப்பட்டது தென்னிந்தியாவில். சேலத்திற் பிறந்த இஸ்லாமியரான மொகிதீன் பேக்கின் பௌத்த பக்திப் பாடல்களோ இன்றும் வெசாக் காலத்தில் ஒலிக்கின்றன. இத்தனை கைகள் சேர்ந்து கட்டிய அந்தக் கலைக்கு 1983 ஜூலை செய்த கைம்மாறு யாவரும் அறிந்ததே. கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது சிங்களப் படங்களின் மூலச் சுருள்களும் அங்கே சாம்பலாகின.

யாழ்ப்பாணத்து ஒலிபெருக்கிக்காரரிடம் சிங்களத் தட்டுகள் எப்படி வந்தன? நகரத்தில் பேக்கரி வைத்திருந்த சிங்களவர்கள் வெசாக் பந்தலுக்கு அவரைத்தான் அழைப்பார்களாம். அதற்கென வாங்கியவையாம்.

அரக்கைப் பற்றியும் ஒரு சொல். அது மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின். சோட்டா நாக்பூர்க் காடுகளில் ஆதிவாசிகள் கிளையிலிருந்து சுரண்டிச் சேர்த்தது. கற்றூளும் புகைக்கரியும் கலந்து, கல்கத்தாவை அடுத்த டம் டம் தொழிற்சாலையில் தட்டாக வார்க்கப்பட்டது. உறையில் நாயின் படமுண்டு. அரக்குச் சுரண்டியவரின் படத்தை நாம் எந்த உறையிலும் கண்டதில்லை.

ஐயாயிரம் எம்மை உறுத்தியது. வகுப்பில் உபரிப் பெறுமதியை விளக்கிவிட்டு வீட்டுக்கு வந்து அந்தப் பெட்டியைத் திறப்பது எளிதாயிருக்கவில்லை. மூன்றாம் வாரம் மேலும் 15,000 ரூபாவை எடுத்துக்கொண்டு, கைச்சாவி கொடுக்கும் எமது கிராமபோனையும் முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். தட்டுகளை ஒரு முறையாவது அவருக்குப் போட்டுக் காட்ட வேண்டுமென்பது எண்ணம்.

பணத்தை நீட்டித் தட்டுகளின் உண்மையான விலையைச் சொன்னோம். ஆச்சி எம்மைச் சற்று நேரம் பார்த்தார்.

"உது அண்டைக்கே தெரியுமோ, மாஸ்ரர்?"

"தெரியும், ஆச்சி."

"அப்ப அண்டைக்கே தந்திருக்கலாமே."

பேத்தி தலையைக் குனிந்துகொண்டாள். ஆச்சி பணத்தை எண்ணாமல் முந்தானையில் முடிந்தார். எமக்கு இருந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

சுந்தராம்பாளின் முருகன் பாட்டை முதலிற் போட எடுத்தோம். கேட்டதும் அகமகிழ்வார் என்று நாமாகவே தீர்மானித்திருந்தோம்.

"உதை வையுங்கோ. உது வேண்டாம்" என்றார்.

பின்பு தாமாகவே சொல்லத் தொடங்கினார். "திருவிழாவுக்குப் பத்து நாளும் இவற்ர செட்டுத்தான். மதிலுக்கு வெளியில பூவரசுக்குக் கீழ இவற்ர மெசின். வயர்தான் உள்ளுக்குப் போகும், இவர் போகேலாது. குழாயை வாங்கி உள்ளுக்க கட்டுறது அவையின்ர பெடியள். சுவாமி உள்வீதி சுத்தேக்க இவர் போடுற பாட்டுத்தான். அந்தச் சுவாமியை இவர் உள்ளுக்க நிண்டு கும்பிட்டதில்லை."

1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. தமது ஊர்க் கோயிலுக்கு அவ்வாண்டு அவர் செட் கொடுக்க மறுத்துவிட்டாராம். வேறு ஊரிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அடுத்த மூன்று ஆண்டுகள் எந்தக் கோயிலிலிருந்தும் அழைப்பு வரவில்லை. கலியாண வீடுகளும் குறைந்தன. ஆச்சியின் இரு சோடிக் காப்புகள் அக்காலத்தில் அடகு போய்த் திரும்பவேயில்லை. போராட்டங்களின் வரலாறுகளை நாம் படித்திருக்கிறோம். அவற்றில் இந்தக் காப்புகள் இல்லை.

"அப்ப எதைப் போட, ஆச்சி?"

"அந்தச் சிங்களப் பொம்பிளை பாடினதைப் போடுங்கோ. கறண்ட் இல்லாத காலத்தில இவர் வீட்டில போட்டுக் கேட்டது அதுதான்."

1990 இல் மின்சாரம் நின்றபின் குடாநாட்டார் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். கைச்சாவிக் கிராமபோனுக்கோ எந்த மின்சாரமும் வேண்டியதில்லை. ஊசிதான் கிடைக்கவில்லையாம். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது இயந்திரத்தை விட்டுவிட்டு, தலையணைகளுக்கிடையே வைத்துக் கட்டிச் சைக்கிளில் அவர் ஏற்றியவை இந்தப் பதினொன்றும். நூற்றுக்கு மேற்பட்ட மிகுதியைத் திரும்பிவந்தபோது காணவில்லை.

நாம் ஊசியைப் பொருத்தினோம். ஆச்சி கையை நீட்டித் தடுத்தார்.

"இரும்பு ஊசி போடாதேங்கோ, தட்டைத் தின்னும். இவர் நாகதாளி முள்ளுத்தான் போடுறவர்." பேத்தியை வேலிப்பக்கம் அனுப்பினார். முள்ளும் மூங்கிற் சிம்பும் தட்டின் வரியைத் தேய்க்காதென்று மேனாட்டுச் சேகரிப்பாளர்கள் எழுதியதை நாம் படித்ததுண்டு, செய்து பார்த்ததில்லை. மாணவி கொண்டுவந்த நான்கு முட்களுள் ஒன்றைத் தேர்ந்து, நுனியை நகத்தில் உரசிப் பார்த்து, ஆச்சியே பொருத்தினார்.

ஓசை தாழ்ந்து, ஆயினும் கரகரப்பின்றி எழுந்தது. ஆச்சி விறாந்தைத் தூணிற் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் எம்மைப் பார்த்தார்.

"என்ன சொல்லிப் பாடுறா, மாஸ்ரர்? இவரிட்டையும் கேட்டனான்; அவருக்கும் தெரியாது."

எமக்கும் சிங்களம் தெரியாதென்றோம்.

"படிச்ச நீங்களுமோ" என்றார். பேத்தியிடம் புது முள்ளொன்றை வாங்கிக்கொண்டு, தட்டின் மறுபக்கத்தைத் திருப்பச் சொன்னார்.